பிரவுசரில் சிற்றலை: ரேடியோப் பெட்டி இல்லாமல் உலகத்தைக் கேட்க ஒரு வழிகாட்டி

நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்றொரு ஊர். அங்குள்ள ட்வெண்ட்டே பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டடத்தின் கூரையில் சின்ன ஆன்டெனா ஒன்று நிற்கிறது. அது இரவும் பகலும் பிடிக்கிற ரேடியோ அலைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். பக்கத்தைத் திறந்ததும் ரேடியோவின் குமிழ் உங்கள் கைக்கு வந்துவிடும். இணையத்தில் நான் பார்த்த வினோதங்களில் இன்றுவரை அலுக்காதது இதுதான். ஏனென்றால் இதில் கேட்பதெல்லாம் இந்த நொடியில் வானத்தில் ஓடிக்கொண்டிருப்பது.

ரஷ்ய ராணுவத்தின் ஓயாத ரீங்காரம், உளவாளிகளுக்கு வாசிக்கப்படும் எண்கள், அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானிகளுக்கான வானிலை, நூறு வயதைத் தொட்ட ஸ்வீடன் நாட்டு இயந்திரம் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் தந்தி எல்லாம் ஒரே குமிழில் வரும். ஆனால் புதிதாக வருகிறவர்கள் பலர் கொஞ்ச நேரம் இரைச்சலைக் கேட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். எந்த அலைவரிசை, எந்த முறை, எந்த நேரம் என்ற மூன்றும் தெரியாததுதான் காரணம். முதல் இரண்டைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. ஷார்ட்வேவ் எனப்படும் சிற்றலையில் எது கேட்கும், எது கேட்காது என்பதைச் சூரியன்தான் முடிவு செய்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது

இதற்குப் பெயர் வெப்எஸ்டிஆர். ட்வெண்ட்டேயில் பணிபுரியும் ஹாம் ரேடியோக்காரரான (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்) பீட்டர்-செர்க் டி பூர் உருவாக்கியது. பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பினால் உள்ளே உள்ள சர்க்யூட் ஒரு அலைவரிசைக்கு மட்டும் இசைவாகும். அதனால் ஒரு பெட்டியில் ஒரு நிலையம்தான். இங்கே அப்படி இல்லை. ஆன்டெனாவில் வரும் மின் அலையை விநாடிக்கு 7 கோடியே 77 லட்சம் தடவைக்கு மேல் அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். 0 முதல் 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள மொத்த அலைப்பரப்பும் அந்த எண்களுக்குள் வந்துவிடும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிற வேலை அதன்பிறகு கணினியில் நடக்கிறது. ஆகவே ஒரே ஆன்டெனாவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு அலைவரிசையைக் கேட்க முடிகிறது. நீங்கள் குமிழைத் திருப்பினால் அடுத்தவருக்கு எந்த இடையூறும் இல்லை. எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

முதல் படி: திறந்து பாருங்கள்

தேடுபொறியில் வெப்எஸ்டிஆர், ட்வெண்ட்டே என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் (WebSDR Twente) கொடுங்கள், முதல் முடிவிலேயே வந்துவிடும். மொபைலிலும் திறக்கும். ஆனால் படம் குறுகிப்போவதால் தொடங்குகிறவர்களுக்குக் கணினிதான் வசதி. ஹெட்போன் இருந்தால் நல்லது, மெல்லிய சிக்னல்கள் ஸ்பீக்கரில் தொலைந்துபோகும். பிரவுசர் தானாக ஒலியைத் தொடங்காது. சத்தம் வரவில்லை என்றால் ஆடியோவைத் தொடங்கும் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள்.

பக்கத்தின் பெரும்பகுதியை ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வண்ணப்படம் பிடித்திருக்கும். இதை வாட்டர்ஃபால் என்பார்கள். இடமிருந்து வலம் அலைவரிசை, மேலும் கீழும் நேரம். வெளிச்சமாகத் தெரியும் இடத்தில் யாரோ ஒலிபரப்புகிறார்கள் என்று அர்த்தம். மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். கொஞ்சம் பழகினால் கேட்பதற்கு முன்பே, பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரிந்துவிடும். நடுவில் பளிச்சென்று ஒரு நேர்க்கோடு, அதன் இருபுறமும் ஒரே மாதிரி மங்கலான படர்வு இருந்தால் அது சாதாரண வானொலி நிலையம். கோடு இல்லாமல், பேசும்போது மட்டும் ஒரு பக்கமாகப் படர்வு வந்து வந்து போனால் அது ஹாம் அல்லது விமானத் தொடர்பு. ஒற்றைக் கோடு துண்டு துண்டாக வெட்டுப்பட்டிருந்தால் மோர்ஸ். படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைமட்டமாக ஒரு கீற்று வந்தால், பெரும்பாலும் எங்கோ மின்னல் வெட்டியிருக்கிறது. காதில் அது ஒரு 'டப்' என்று கேட்கும். இந்த மின்னல் கீற்றுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்காரலாம், அவ்வளவு அழகு.

இரண்டாம் படி: அலைவரிசையும் முறையும்

எண் தட்டும் கட்டத்தில் அலைவரிசையைக் கிலோஹெர்ட்ஸில் கொடுக்க வேண்டும். 4.625 மெகாஹெர்ட்ஸ் என்றால் 4625. பக்கத்திலேயே முறைகளுக்கான பொத்தான்கள் இருக்கும். ஏஎம் என்பது சாதாரண வானொலி நிலையங்களுக்கு. சிடபிள்யூ மோர்ஸுக்கு. யூஎஸ்பி, எல்எஸ்பி இரண்டும் ஒருபக்க அலை மட்டும் அனுப்பும் பேச்சுக்கு, யூஎஸ்பி என்றால் மேல்பக்கம், எல்எஸ்பி என்றால் கீழ்ப்பக்கம். ஹாம் ரேடியோக்காரர்கள் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யூஎஸ்பி என்று வழக்கமாக வைத்திருக்கிறார்கள். சிற்றலையில் விமானத் தொடர்புகள் எந்த அலைவரிசையிலும் யூஎஸ்பிதான்.

இந்த ஒருபக்க அலைதான் புதியவர்களைத் தடுமாற வைக்கும். அலைவரிசை கொஞ்சம் விலகினாலும் பேசுகிறவர் குரல் வாத்து கத்துவது போல் ஆகிவிடும். இந்தப் பக்கம் திருப்பினால் கீச்சென்று ஏறும், அந்தப் பக்கம் திருப்பினால் அடித்தொண்டைக்கு இறங்கும். நடுவில் ஏதோ ஒரு இடத்தில் சட்டென்று மனிதக் குரலாகிவிடும். இதைப் பழக மிகச் சிறந்த இடம் அயர்லாந்தின் ஷானன் வோல்மெட். ஐரோப்பிய விமான நிலையங்களின் வானிலையை நாள் முழுவதும் ஒரு கணினிக் குரல் வாசித்துக்கொண்டே இருக்கும். 5505 கொடுத்து யூஎஸ்பி அழுத்துங்கள். அங்கே பகல் நேரமாக இருந்து சரியாகக் கேட்காவிட்டால் 8957-க்குப் போங்கள். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேக உயரம், வெப்பநிலை என்று ஒரே வரிசையில் வருவதால் ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிட்டாலும் சீக்கிரம் பழகிவிடும். இப்போது அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் குரல் எப்படிக் கெடுகிறது, எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் இதைச் செய்தவருக்கு அப்புறம் எந்த ஒருபக்க அலையும் சிரமமில்லை.

மோர்ஸ் முறைக்குப் பழக இன்னொரு இடம், 77.5 கிலோஹெர்ட்ஸ். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் அருகே மைன்ஃபிளிங்கனில் இருக்கும் டிசிஎஃப்77 என்ற நேர நிலையம் இது. ஐரோப்பாவில் தானாக நேரம் திருத்திக்கொள்ளும் சுவர்க்கடிகாரங்கள் இதைத்தான் கேட்கின்றன. சிடபிள்யூ முறையில் வைத்தால் ஒரே சீரான ஓசை வரும். விநாடிக்கு ஒருமுறை அது சட்டென்று தணிந்து மீளும். கூர்ந்து கேட்டால் சில தணிவுகள் குட்டை, சில நெட்டை என்று தெரியும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தணிந்தால் 0, பத்தில் இரண்டு பங்கு தணிந்தால் 1. மணி, நிமிடம், தேதி எல்லாம் இந்த 0, 1-களில் போகின்றன. ஒவ்வொரு நிமிடத்திலும் 59-ஆம் விநாடியில் தணிவு வராது. அந்த இடைவெளிதான் அடுத்து புது நிமிடம் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். அதை ஒருமுறை காதால் பிடித்துவிட்டால் ஒரு நாட்டின் கடிகாரங்கள் எல்லாம் எதைக் கேட்டு ஓடுகின்றன என்று கையில் தொட்ட மாதிரி புரியும்.

மூன்றாம் படி: நேரம்

சிற்றலை தூரம் போவது அயனிமண்டலத்தால். தரைக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறது என்று சோதனையால் நிறுவியதற்காக எட்வர்ட் ஆப்பிள்டனுக்கு 1947-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மேலே உள்ள அடுக்கு அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. கீழே உள்ள டி அடுக்கு என்பது குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடுகிறது. இந்த டி அடுக்கு பகலில் மட்டும்தான் பலமாக இருக்கும், சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும்.

ஆகவே விதி எளிது. ரிசீவர் இருக்கும் இடத்தில் பகல் என்றால் சுமார் 10 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் தேடுங்கள். இரவு என்றால் 10-க்குக் கீழே தேடுங்கள். நம் ஊரில் இரவா பகலா என்பது பொருட்டே அல்ல. ரிசீவர் இருக்கும் ஊரைப் பாருங்கள், முடிந்தால் ஒலிபரப்பும் ஊரையும் பாருங்கள்.

நம் பக்கத்திலிருந்து ட்வெண்ட்டேயைக் கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அலுவலகம் முடிந்து இந்திய நேரம் மாலை 7 மணிக்கு உட்கார்ந்தால் அங்கே மதியம். புகழ்பெற்ற ரஷ்ய ரீங்காரத்தைத் தேடினால் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும். டிசம்பரில் என்ஸ்கெடேயில் சூரியன் மறைவது நம் இரவு 9 மணி வாக்கில். ஜூனில் அதே அஸ்தமனம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். கோடையோ குளிரோ, நம் அதிகாலை 4 முதல் 8 வரை அங்கே எப்போதும் இருட்டுதான். காலையில் எழுந்து காப்பியோடு உட்காருகிறவர்களுக்கு நல்ல காலம். மாலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் 9400–9900, 11600–12100, 15100–15800 ஆகிய வானொலிப் பட்டைகளில் ஏஎம் முறையில் உலாவுங்கள், எப்போதும் ஏதாவது ஒரு மொழி கிடைக்கும்.

எல்லா அட்டவணைகளும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் அதோடு ஐந்தரை மணி நேரமும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் 8 மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கடிகாரத்தை யூடிசியிலேயே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

கேட்கும்போது குரல் ஏறி இறங்குவதைக் கவனிப்பீர்கள். ஒரே ஒலிபரப்பு இரண்டு மூன்று பாதைகளில் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து, சில சமயம் ஒன்றையொன்று கூட்டியும் சில சமயம் அழித்தும் கொள்வதால் வருவது அது. சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். பிடித்த பாட்டின் சரணத்தில் குரல் மங்கி, பல்லவி திரும்பும்போது பளிச்சென்று வரும். பிபிசியின் தமிழோசை 2017-இல் வானொலியிலிருந்து விடைபெற்றபோது சிற்றலையே முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. இதோ இப்போதும் நிரம்பி வழிகிறது.

எதைக் கேட்பது: 4625-இல் ஒரு ரீங்காரம்

இணையத்தில் அதிகம் பேசப்படும் சிற்றலை நிலையம் இதுதான். 4625 கிலோஹெர்ட்ஸ், யூஎஸ்பி முறை, ஐரோப்பிய இரவு. கொஞ்சம் கரகரப்பான 'ம்ம்ம்ப்' என்று ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஒலிக்கும், அதே அளவு இடைவெளி விடும், மறுபடி ஒலிக்கும். பல பத்தாண்டுகளாக இப்படியே போகிறது. ரசிகர்கள் இதை 'பஸ்ஸர்' என்றும் யூவிபி-76 என்றும் அழைக்கிறார்கள். எப்போதாவது ரீங்காரம் நிற்கும், ஒரு ஆண் குரல் ரஷ்ய மொழியில் வரும். 1997 டிசம்பர் 24 இரவு வந்த செய்தி புகழ்பெற்றது. நிலையத்தின் அழைப்புப் பெயர், சில எண்கள், 'ப்ரோமால்' என்றொரு சொல், மறுபடி எண்கள், பிறகு அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் போரிஸ், ரோமன், ஓல்கா என்று ஆள் பெயர். அவ்வளவுதான். மீண்டும் ரீங்காரம்.

சில நேரங்களில் ரீங்காரத்துக்குப் பின்னால் மனிதர்கள் பேசுவதும் மெலிதாகக் கேட்டிருக்கிறது. 2001 நவம்பரில் அப்படி ஒரு உரையாடல் பதிவானது. ரீங்காரம் நேரடியாக டிரான்ஸ்மிட்டருக்குள் போகாமல், ஒலியெழுப்பும் கருவிக்கு முன்னால் திறந்த மைக் ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்குக் கேட்பவர்கள் வந்தது இதை வைத்துத்தான். இந்த ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாட்டின் ராணுவ ரகசியத்தைப் பற்றி, காது கொடுத்துக் கேட்டவர்கள் வெறும் கவனத்தால் தெரிந்துகொண்டது அது.

இந்த ஒலி நின்றால் அணு ஏவுகணைகள் தானாகப் பாயும் என்றொரு கதை வீடியோக்களில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நிலையம் பல முறை நின்றிருக்கிறது, இடமே மாறியிருக்கிறது. 2010 வரை மாஸ்கோ அருகே பொவரோவோவில் இருந்தது, பிறகு அழைப்புப் பெயரும் மாறியது. ரஷ்ய ராணுவத்தின் தொடர்பு வலையில் இது ஒன்று, அலைவரிசையைத் தன்வசம் வைத்திருக்கவும் கருவிகள் இயங்குகின்றன என்று காட்டவும் ரீங்காரம் போகிறது என்பதே தொடர்ந்து கேட்டு வருபவர்களின் கணிப்பு. இதற்கு உறவுக்கார நிலையம் ஒன்றும் உண்டு. அங்கே பகலில் 5448, இரவில் 3756 கிலோஹெர்ட்ஸ், 'பீப், பீப்' என்று ஒலிக்கும்.

எண் வாசிக்கும் குரல்கள்

ஒரு குரல் ஐந்தைந்து எண்களாக வாசித்துக்கொண்டே போகும். யார், யாருக்கு என்று சொல்லாது. இவை எண் நிலையங்கள். வெளிநாட்டில் இருக்கும் உளவாளிக்குச் செய்தி அனுப்ப இதைவிடப் பாதுகாப்பான வழி குறைவு. எண்களைப் படிக்க உதவும் தாள் ஒரே ஒரு முறை பயன்பட்டு அழிக்கப்படும் என்பதால், சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு பெரிய கணினியாலும் உடைக்க முடியாது. இதைவிட முக்கியமானது, ரேடியோவில் யார் கேட்டார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இணையத்தில் ஒரு செய்தியைத் திறந்தால் தடம் விழும், சிற்றலைப் பெட்டியில் விழாது.

இதெல்லாம் கட்டுக்கதை அல்ல என்பதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. 1998-இல் அமெரிக்காவில் பிடிபட்ட கியூபா உளவாளிகள் மீதான வழக்கில், அவர்கள் சிற்றலையில் வாங்கிய எண் செய்திகள் ஆதாரமாக வைக்கப்பட்டன. சைப்ரஸிலிருந்து ஒலித்த பிரிட்டிஷ் நிலையம் ஒன்று, ஆங்கிலேய நாட்டுப்புறப் பாட்டின் சில அடிகளை இசைத்துவிட்டுப் பெண் குரலில் எண் வாசிக்கும். அது 2008-இல் ஓய்ந்தது. இப்படிப்பட்ட ஒலிப்பதிவுகளைத் திரட்டி லண்டனின் இர்டியல் நிறுவனம் 1997-இல் 'கோனெட் புராஜெக்ட்' என்று வெளியிட்டது. அதில் ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லும் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற அழைப்புத்தான் அமெரிக்க ராக் குழுவான வில்கோவின் ஆல்பத்துக்குத் தலைப்பாயிற்று.

இன்று கேட்க வேண்டுமானால் 'பிரியோம்' (priyom.org) என்ற தளத்தைத் திறந்து வையுங்கள். அடுத்து எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் வரும் என்று அங்கே வரிசையாக இருக்கும். அங்கிருந்தே சொடுக்கி ட்வெண்ட்டே ரிசீவருக்குப் போகலாம். ஒலிபரப்பு தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். வெறும் இரைச்சலில் திடீரென்று கோடு ஒன்று எழும்பி, குரல் தொடங்குகிற அந்தக் கணம் தவறக் கூடாது.

அமெரிக்க விமானப்படையின் 8992, 11175 கிலோஹெர்ட்ஸ் யூஎஸ்பியிலும் இதே மாதிரி குறியீட்டுச் செய்திகள் வரும், ஆனால் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து. அட்டவணை கிடையாது. திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஹாம் ரேடியோ

7000–7200 எல்எஸ்பி, 14100–14350 யூஎஸ்பி. 'சிக்யூ, சிக்யூ' என்று ஒருவர் கூப்பிட்டால் யாராவது பேச வாருங்கள் என்று அர்த்தம். அழைப்புப் பெயரின் முதல் எழுத்துகளில் நாடு தெரியும். இந்தியர்கள் வியூ என்றும் இலங்கையர் 4எஸ் என்றும் தொடங்குவார்கள். கேட்க உரிமம் வேண்டாம். பேசத்தான் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். 2004 டிசம்பரில் இந்திய ஹாம்கள் குழு ஒன்று அந்தமானில் முகாமிட்டிருந்தபோது சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்துவிட்ட அந்த நாட்களில் தீவுகளின் செய்தி வெளியே வர அவர்களின் ரேடியோவும் ஒரு வழியாக இருந்தது. பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாத விஷயம் இது.

14074 கிலோஹெர்ட்ஸில் 15 விநாடிக்கு ஒருமுறை பல மெல்லிய குழலோசைகள் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து நிற்கும். அது எஃப்டி8 என்ற, கணினிகள் பேசிக்கொள்ளும் முறை. இரட்டை விண்மீன் அமைப்பில் பல்சார் என்ற துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்து 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் அவருடைய கூட்டாளி ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் வெளியிட்ட முறை. மனிதக் காதுக்கு எட்டாத மெலிந்த சிக்னலிலும் கணினி அழைப்புப் பெயரைப் படித்துவிடும். 14230-இல் சில நேரம் கீச்சுக் குரலில் ஏதோ அலைவது கேட்டால் அது ஒரு புகைப்படம். ஒலியாக மாற்றி வரி வரியாக அனுப்புகிறார்கள்.

ஊரை மாற்றுங்கள்

ட்வெண்ட்டே பழகியதும் கிவிஎஸ்டிஆருக்கு (KiwiSDR) போங்கள். நியூசிலாந்தில் ஒருவர் வடிவமைத்த சிறு ரிசீவர் இது. வாங்கியவர்கள் பலர் அதைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் தளத்தில் உலக வரைபடம் இருக்கும். சொந்த ஊருக்கு அருகில் உள்ளதையோ, கேட்க நினைக்கும் நிலையத்துக்கு அருகில் உள்ளதையோ தேர்ந்தெடுக்கலாம். மாலை 7 மணி பிரச்சினைக்கு இதுதான் தீர்வு. அந்த நேரத்தில் இருட்டாக இருக்கும் கிழக்காசிய ரிசீவரை எடுங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். ட்வெண்ட்டே போல இங்கே நூற்றுக்கணக்கானவர்களுக்கு இடம் கிடையாது. ஒரு கிவியில் பெரும்பாலும் நான்கோ எட்டோ பேர்தான் உட்கார முடியும். அதுவும் யாரோ ஒருவர் தன் வீட்டு மின்சாரத்திலும் இணையத்திலும் நடத்துவது. கேட்டு முடிந்ததும் டேபை மூடிவிடுங்கள்.

கிவியின் பெருமை அதன் இணைப்புக் கருவிகள். வானிலைத் தொலைநகலை அங்கேயே படமாகப் பார்க்கலாம். ஜெர்மன் வானிலைத் துறை 3855, 7880, 13882.5 கிலோஹெர்ட்ஸில் கப்பல்களுக்காக வரைபடம் அனுப்புகிறது. ஐரோப்பிய கிவி ஒன்றில் ஃபேக்ஸ் கருவியைத் திறந்து காத்திருந்தால் கடல்மீதான சம அழுத்தக் கோடுகள் ஒவ்வொரு வரியாக வரையப்படும். ஒலிபரப்பும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. ஜிபிஎஸ் நேரம் உள்ள மூன்று நான்கு கிவிகளைத் தேர்ந்தெடுத்தால், அதே ஒலி ஒவ்வொன்றையும் எவ்வளவு முன்பின்னாக வந்தடைந்தது என்று கணக்கிட்டு வரைபடத்தில் புள்ளி வைக்கும். முதலில் இடம் தெரிந்த நிலையம் ஒன்றில் சோதித்துப் பாருங்கள். புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்தபிறகு மர்ம நிலையங்களிடம் போகலாம்.

விண்வெளியும் கேட்க வேண்டும் என்றால் இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் உள்ள வெப்எஸ்டிஆருக்குப் போங்கள், அது ஒரு செயற்கைக்கோளைக் கேட்கிறது. 2018-இல் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில், வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று ஹாம்களுக்காக இருக்கிறது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். பேசுகிறவர்களில் சிலர் தங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே பேசுவார்கள். அது கால் விநாடி தாமதித்து எதிரொலிக்கும்.

மிகக் கீழே

குமிழை அடிமட்டத்துக்கு, 17.2 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான நாட்களில் அங்கே ஒன்றும் இருக்காது. டிசம்பர் 24 காலையிலும், ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிறன்றும் ஸ்வீடனின் கிரிமெட்டான் நிலையம் அங்கே மோர்ஸில் பேசும். அதில் டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வும் கிடையாது. சுழலும் ராட்சத மின்னாக்கி நேரடியாக ரேடியோ அலையை உண்டாக்குகிறது. 1920-களில் அமெரிக்காவோடு தந்தி பேசக் கட்டியது, 127 மீட்டர் உயரக் கோபுரங்கள் ஆறு, 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த வகையில் இன்னும் ஓடுவது அது ஒன்றுதான். சிடபிள்யூ முறையில் வைத்துக் காத்திருங்கள். இயந்திரம் வேகம் பிடிக்கும்போது ஓசையின் சுருதி மெல்ல நகர்ந்து நிலைகொள்வது கேட்கும்.

இதே அடிமட்டத்தில் நம் திருநெல்வேலிக்கும் இடம் உண்டு. விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990 முதல் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலைகளில் செய்தி அனுப்புகிறது. உயர்ந்த அலைவரிசைகளைக் கடல்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும், இவ்வளவு தாழ்ந்தவைதான் சில மீட்டர் ஆழம் இறங்கும். பேச்சாகக் கேட்காது, குறியீடு மட்டும்தான். ஆசியாவில் உள்ள, நல்ல ஆன்டெனாவோடு கூடிய கிவியில் வாட்டர்ஃபாலைப் பெரிதாக்கி அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

பதிவும் குறிப்பும்

இரண்டு வகை ரிசீவரிலும் ஒலியைப் பதிவு செய்து இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. வானொலி நிலையம், ஹாம், நேர நிலையம் எதையும் பதிவு செய்து பகிரலாம். கப்பலில் இருப்பவரோ மற்றவரோ தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் அதைப் பொதுவில் போட வேண்டாம். பல நாடுகளில் சட்டமும் அதைத் தடுக்கிறது.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யூடிசியில் தேதி, நேரம், அலைவரிசை, முறை, என்ன கேட்டது, எந்த ரிசீவர். வெளிநாட்டு வானொலிகள் பல, கேட்டவர்கள் அறிக்கை அனுப்பினால் நன்றியாக, கேட்டதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் அட்டை அனுப்புகின்றன. அறிக்கையில் நிகழ்ச்சியின் விவரத்தையும் ஒலித் தரத்தையும் எழுத வேண்டும். கூடவே, இன்ன ஊரில் உள்ள இணைய ரிசீவர் வழியாகக் கேட்டேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். தங்கள் அலை எந்த ஊர்வரை போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் அறிக்கை கேட்கிறார்கள். ஆன்டெனா என்ஸ்கெடேயில் இருக்க, மதுரையில் கேட்டதாக எழுதினால் அவர்களுக்குப் போகிற தகவல் தவறாகிவிடும்.